போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் எத்தனை அடி தூரம்? அந்தப் புள்ளிவிவரத்தைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

“அமெரிக்காவில் போலீஸ் துப்பாக்கிச் சூடுகளில் பாதி ஐந்தடிக்குள் நடக்கிறது.” இந்த வாக்கியத்தைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். எண் கிட்டத்தட்டச் சரி. வாக்கியம்தான் தப்பு. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அட்டவணை உண்மையில் சொல்வது இதுதான்: துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்ட காவலர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், தங்களைச் சுட்டவரிடமிருந்து ஐந்தடிக்குள் இருந்தார்கள். போலீஸ் சுட்டதைப் பற்றியோ, சுடப்பட்டும் பிழைத்த காவலர்களைப் பற்றியோ அந்த அட்டவணை பேசவே இல்லை.

புள்ளியியல் படித்தவர்கள்கூட இங்கே சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் கணக்கு தெரியாதது அல்ல, படிகளை வரிசை மாற்றிச் செய்வது. முதலில் சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது எதன் சதவீதம் என்று கடைசியில் பார்க்கிறார்கள், அல்லது பார்ப்பதே இல்லை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். அமெரிக்கத் தரவுகளை வைத்தே சொல்கிறேன். தூரத்தைத் தனியாகக் குறித்து வைக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக இருக்கிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூல அட்டவணை வேண்டும். செய்தியில் வந்த படமோ, யாரோ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோ போதாது. அவற்றில் முதலில் வெட்டுப்படுவது அடிக்குறிப்பு. நமக்கு முதலில் வேண்டியதும் அதுதான். அறிக்கையின் வரையறைப் பக்கத்தையும் சேர்த்து இறக்கி வையுங்கள்.

அலகுகளை ஒரு தாளில் எழுதி எதிரில் ஒட்டுங்கள். 1 அடி 30.48 செ.மீ.; 1 கஜம் 3 அடி; 7 கஜம் 21 அடி, அதாவது 6.4 மீட்டர். எஃப்பிஐயின் அட்டவணை அடிக்கணக்கில் இருக்கும், சுடும் பயிற்சி சம்பந்தப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் கஜத்தில் இருக்கும். நானே ஒருமுறை ‘7’ என்பதை அடி என்று நினைத்து இரண்டு பத்தி எழுதி, பிறகு மொத்தத்தையும் அழித்திருக்கிறேன்.

அப்புறம், ஒரு அளவு நாடா. சிரிக்க வேண்டாம். தரையில் ஐந்தடியை அளந்து பாருங்கள். வீட்டுக் கட்டிலின் நீளம்கூட வராது. இரண்டு பேர் நின்று பேசும் தூரம். 21 அடி என்பது பத்தடி அறை இரண்டை ஒட்டி வைத்த நீளம், கொஞ்சம் கூடுதல். இது கண்ணில் பதிந்த பிறகுதான் ‘கிட்டத்தில்’, ‘தூரத்தில்’ என்ற சொற்கள் எழுத்தில் ஒழுங்காக வந்து உட்காரும்.

1. உங்கள் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

‘துப்பாக்கிச் சூட்டு தூரம்’ என்ற ஒரே பெயரில் நான்கு தனித்தனிக் கேள்விகள் உலவுகின்றன. காவலர்களைக் கொன்றவர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தார்கள்? காவலர்கள் பிறரைச் சுட்டபோது தூரம் எவ்வளவு? எந்தத் தூரத்தில் சுட்டால் எத்தனை தோட்டா இலக்கில் படுகிறது? கத்தியோடு ஓடி வருபவர் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் கடப்பார்?

நான்குக்கும் விடை நான்கு வெவ்வேறு இடங்களில் கிடக்கிறது. ஒன்றின் விடையை இன்னொன்றுக்குப் பொருத்துவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. எழுதி வைக்கச் சொல்வது அதனால்தான். மனதில் மட்டும் வைத்திருந்தால், கண்ணில் படும் எண்ணுக்கு ஏற்றபடி கேள்வி தானாக வளைந்துவிடும்.

2. அட்டவணைக்குள் யார் வந்தார்கள் என்று பாருங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் கொடுங்கள்.

எஃப்பிஐ நடத்தும் தொகுப்பின் பெயர் லியோகா. பணியில் கொல்லப்பட்ட, தாக்கப்பட்ட காவலர்களைப் பற்றியது. தூரம் காட்டும் அதன் புகழ்பெற்ற அட்டவணையில் இடம்பெற ஒரு காவலர் இரண்டு வாசல்களைத் தாண்டியிருக்க வேண்டும்: ஒன்று, துப்பாக்கியால் சுடப்பட்டிருக்க வேண்டும், இரண்டு, இறந்திருக்க வேண்டும். 2019இல் அமெரிக்கா முழுவதும் பணியில் கொலையுண்ட காவலர்கள் 48 பேர். அவர்களில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 44. அந்த ஆண்டின் தூரச் சதவீதம் முழுவதும் இந்த 44 பேரின் மேல்தான் நிற்கிறது.

மறுபக்கம் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2015 முதல் திரட்டிய தரவு இருக்கிறது. போலீஸ் சுட்டு இறந்தவர்களின் பட்டியல். ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர். இறந்தவர் கையில் என்ன இருந்தது, தப்பி ஓடினாரா என்பதற்கெல்லாம் அதில் நெடுவரிசை உண்டு. தூரத்துக்கு இல்லை. ஆகவே, இதிலிருந்து ஆயிரத்தையும் லியோகாவிலிருந்து பாதியையும் எடுத்து, ‘ஆண்டுக்கு ஐநூறு பேரைப் போலீஸ் ஐந்தடிக்குள் சுட்டுக் கொல்கிறது’ என்று யாராவது எழுதினால், அது எந்த அட்டவணையிலும் இல்லாத எண். கொன்றவரும் இறந்தவரும் இடம் மாறிப் போயிருக்கிறார்கள்!

சரி, ‘இறந்திருக்க வேண்டும்’ என்ற வாசல் எண்ணை எவ்வளவு வளைக்கும்? இதற்கு நல்ல உதாரணம் நியூயார்க் போலீஸின் எஸ்ஓபி-9 என்ற பழைய பதிவு. இறந்த காவலர்களையும் பிழைத்த காவலர்களையும் அது தனித்தனியே கணக்கிட்டிருக்கிறது.

இறந்தவர்கள் முதலில். 1854 முதல் 1979 வரை ஆயுத மோதலில் காயம்பட்டு இறந்தவர்கள் 254 பேர். அவர்களில் உடலை ஒட்டியது முதல் 3 அடி வரை 34 சதவீதம். 3 முதல் 6 அடி வரை 47 சதவீதம். 6 முதல் 15 அடி வரை 9 சதவீதம். ஆறடிக்குள் மட்டும் 81 சதவீதம்.

இனி பிழைத்தவர்கள். 1970களின் பதிவுகளோடு 1929 வரை பின்னோக்கிப் போய் எடுத்த மாதிரிகளையும் சேர்த்து 4,000 சம்பவங்கள். பத்தடிக்குள் 51 சதவீதம், 10 முதல் 20 அடிக்குள் 24 சதவீதம். மீதி நாலில் ஒரு பங்கு இருபது அடிக்கு அப்பால்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இறந்தவர்களில் ஆறடியிலேயே 81 சதவீதம் முடிந்துவிடுகிறது. பிழைத்தவர்களில் பத்தடி வரை போனாலும் பாதியைத்தான் தொடுகிறோம். ஊர் அதே, போலீஸ் துறை அதே. ஆனால் படம் வேறு. கிட்டத்திலிருந்து வரும் குண்டு அதிகம் படும், அதிகம் கொல்லும்; எனவே இறந்தவர்களை மட்டும் எண்ணும் அட்டவணை ஒரு சல்லடை. அதன் கண்களின் அளவைத் தூரமே தீர்மானிக்கிறது. (இரண்டு தொகுப்புகளின் காலவரம்பும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து ‘இத்தனை சதவீதப் புள்ளி’ என்று துல்லியம் காட்டாதீர்கள். போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

3. ஒரு வரி என்பது ஆளா, சம்பவமா, தோட்டாவா?

லியோகாவில் ஒரு வரி ஓர் ஆள். 2016 ஜூலை 7 அன்று டாலஸில் ஒரே ஆள் நடத்திய தாக்குதலில் ஐந்து காவலர்கள் இறந்தார்கள். பத்து நாள் கழித்து பேட்டன் ரூஜில் மூவர். அட்டவணையில் இவை எட்டு வரிகள். நடந்ததோ இரண்டு சம்பவங்கள். ஆண்டுக்கு ஐம்பது, அறுபது வரி மட்டுமே உள்ள அட்டவணையில் எட்டு வரி என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு நாள் நடந்த கொடூரம் அந்த ஆண்டின் ‘போக்காக’ எழுதப்பட்டுவிடும்.

அதனால் ஓர் ஆண்டை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு ‘தூரம் கூடுகிறது, குறைகிறது’ என்று எழுதாதீர்கள். குறைந்தது பத்தாண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

4. தூரத்தை அளந்தது யார், எந்த நொடியில்?

மோதல் நகர்ந்துகொண்டே இருக்கும். கார் ஜன்னலருகே நாலடியில் தொடங்கியது, காவலர் பின்வாங்க, முப்பது அடியில் முடிந்திருக்கலாம். பதிவான தூரம் முதல் தோட்டாவின்போதா, உயிர் போன தோட்டாவின்போதா, கடைசி தோட்டாவின்போதா? வரையறைப் பக்கத்தில் தேடுங்கள். சொல்லவில்லை என்றால், ‘சுடத் தொடங்கியபோது’ என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

அடுத்தது, அளந்த விதம். நாடா பிடித்து அளந்த எண், உடற்கூறாய்வில் வந்த எண், உயிரோடு இருப்பவர் நினைவிலிருந்து சொன்ன எண் மூன்றும் ஒரே நெடுவரிசையில் கலந்து கிடக்கும். தடய அறிவியலுக்கும் எல்லை உண்டு. கைத்துப்பாக்கியில் சுட்டால் தோலில் கரியும் வெடிமருந்துத் துகளும் படிவது சில அடிக்குள்தான். அதைத் தாண்டிவிட்டால் காயத்தை மட்டும் பார்த்துப் பத்தடியா ஐம்பதடியா என்று சொல்ல முடியாது.

நினைவு எப்படி? துப்பாக்கிச் சூட்டில் ஈடுபட்ட 157 காவலர்களிடம் கேட்டு, 2002இல் எஃப்பிஐயின் இதழில் வெளியான ஆய்வில், 79 சதவீதம் பேர் பார்வை குழாய்போல் குறுகியதாகச் சொன்னார்கள். 62 சதவீதம் பேருக்குக் காலம் மெதுவாக ஓடியதுபோல் இருந்தது. பாதிக்கு மேற்பட்டோருக்கு நடந்ததில் ஒரு பகுதி நினைவிலேயே இல்லை. இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல. அந்த நிலையில் சொல்லும் ‘பத்தடி இருக்கும்’ என்பது எட்டாகவும் இருக்கலாம், பதினாறாகவும் இருக்கலாம்.

சம்பவவாரியான மூலத் தரவு கிடைத்தால் ஒரு சோதனை செய்யுங்கள். 5, 10, 15, 20 என்ற எண்களில் கூட்டம் அதிகமாகவும் 7, 11, 13 காலியாகவும் இருக்கிறதா? இருந்தால் அவை ஊகித்துச் சொன்ன எண்கள். அத்தகைய தரவில் 10 அடிக்கும் 11 அடிக்கும் இடையில் கோடு போட்டு வாதம் செய்வது வீண் வேலை.

5. பிரிவுகளின் அகலத்தைச் சரிசெய்யுங்கள்

லியோகாவின் பிரிவுகள் இப்படி இருக்கும்: 0–5 அடி, 6–10, 11–20, 21–50, 50க்கு மேல். முதல் பிரிவு ஐந்தடி அகலம். நான்காவது முப்பது அடி அகலம். ஐந்தாவதற்கு முடிவே இல்லை. இதை அப்படியே பட்டை வரைபடமாகப் போட்டால் கண் ஏமாறும். பத்தாம் வகுப்பில் போட்ட கணக்குதான் இது. ஆனாலும் எக்செல் எல்லாப் பட்டைகளையும் சம அகலத்தில் வரைந்து கொடுத்துவிடுவதால் மறந்துவிடுகிறோம்.

ஒவ்வொரு பிரிவின் சதவீதத்தையும் அதன் அகலத்தால் வகுத்து, ‘அடிக்கு எத்தனை சதவீதம்’ என்று மாற்றுங்கள். நியூயார்க் எண்களில் செய்து பார்ப்போம். இறந்தவர்கள்: முதல் மூன்றடியில் அடிக்கு 11.3, அடுத்த மூன்றடியில் 15.7, பிறகு வரும் ஒன்பது அடியில் அடிக்கு 1. ஆறடியில் ஒரு செங்குத்துப் பள்ளம். பிழைத்தவர்கள்: முதல் பத்தடியில் அடிக்கு 5.1, அடுத்த பத்தில் 2.4. இது சாய்தளம். இரண்டாம் படியில் பார்த்த வேறுபாடு இங்கே இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது பிரிவுகள் ஒத்துப்போகாவிட்டால், இருவருக்கும் பொதுவான எல்லைகளில் மட்டும் குவிவு நிகழ்வெண்ணை (அந்த எல்லை வரையிலான கூட்டுத்தொகையை) ஒப்பிடுங்கள். ஒருவர் 6 அடியில் வெட்டியிருக்கிறார், இன்னொருவர் 5 அடியில் என்றால், அந்த ஓரடியை நீங்களாகப் பங்கு பிரித்துக் கொடுக்காதீர்கள். மேலே கண்ட கணக்குப்படி மிகவும் நெரிசலான பிரிவில் இருக்கும் அடி அது.

6. சராசரி கேட்டால் கொடுக்காதீர்கள்

ஒரு கற்பனைக் கணக்கு. ஐந்து சம்பவங்கள்: 3, 4, 5, 6, 82 அடி. சராசரி 20 அடி. அந்த இருபதடியில் ஒருவருமே நிற்கவில்லை. இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) 5. அதைச் சொல்லி, கூடவே ‘ஐந்தில் ஒன்று மிகத் தொலைவு’ என்றும் சொல்லுங்கள். ‘50 அடிக்கு மேல்’ என்ற திறந்த பிரிவு இருக்கும் அட்டவணையிலிருந்து சராசரி எடுக்கவே முடியாது. எடுத்துக் காட்டுபவர் அந்தப் பிரிவுக்கு ஓர் எண்ணைத் தானாக நினைத்துப் போட்டிருக்கிறார் என்று பொருள்.

‘மூன்று கஜம், மூன்று தோட்டா, மூன்று நொடி’ என்றொரு சூத்திரம் துப்பாக்கிப் பயிற்சி வட்டாரங்களில் எஃப்பிஐ பெயரால் புழங்குகிறது. தூரத்தைப் பதியும் லியோகா அட்டவணையில் நொடிக்கணக்கு கிடையாது. அதை ஒரு பழமொழியாக வைத்துக்கொள்ளலாம், தரவாக அல்ல.

7. ‘பதிவாகவில்லை’ வரியையும் வகுக்கும் எண்ணையும் பாருங்கள்

அட்டவணையின் அடியில் தூரம் பதிவாகாதவர்களின் வரி ஒன்று இருக்கும். 60 பேரில் 10 பேருக்குத் தூரம் தெரியாது, 25 பேர் ஐந்தடிக்குள் என்று வைத்துக்கொள்வோம். 60ஆல் வகுத்தால் 42 சதவீதம், 50ஆல் வகுத்தால் 50. இரண்டும் தப்பில்லை, எதால் வகுத்தோம் என்று சொல்லாததுதான் தப்பு. தூரத்திலிருந்தும் மறைந்திருந்தும் சுட்ட சம்பவங்களில் தூரம் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம் என்பதால், தெரியாதவர்கள் எல்லாப் பிரிவிலும் சமமாகச் சிதறியிருப்பார்கள் என்று எண்ண வேண்டாம்.

இதைவிட முக்கியமான வகுக்கும் எண் ஒன்று எந்த அட்டவணையிலும் இருக்காது: சூடே நடக்காத சந்திப்புகள். காவலர் வேலையே கைக்கெட்டும் தூரத்தில் நடப்பது. ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்ப்பது, கதவைத் தட்டுவது, விலங்கு மாட்டுவது எல்லாம் ஐந்தடிக்குள். சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்ததால் அந்த ஐந்தடி மற்ற தூரங்களை விட ஆபத்தானது என்று ஆகிவிடாது. வீட்டுக்குப் பக்கத்தில் விபத்து அதிகம் நடப்பதுபோலத்தான்: நாம் அதிகம் வண்டி ஓட்டுவதே அங்கேதானே. ‘ஐந்தடியில் எத்தனை சந்திப்புகள்’ என்ற எண் இல்லாமல் ஆபத்தின் விகிதத்தைக் கணக்கிட வழி கிடையாது.

8. குறி படும் விகிதத்தைத் தனியாக வையுங்கள்

நியூயார்க் போலீஸுக்காக ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் செய்த, 2008இல் வெளியான ஆய்வில், 7 கஜத்துக்குள் சுட்டபோது 37 சதவீதம் இலக்கில் பட்டது. அதைத் தாண்டினால் 23 சதவீதம். அதே ஆய்வில், எதிராளியும் திருப்பிச் சுட்டபோது 18 சதவீதம், சுடாதபோது 30 சதவீதம். முதல் ஜோடியில் வித்தியாசம் 14 புள்ளி, இரண்டாவதில் 12. குறி தவற வைப்பதில் எதிரே வரும் குண்டுக்கும் தூரத்துக்கும் ஏறக்குறைய ஒரே பங்கு! ஆகவே ‘தூரத்தால்தான் தவறியது’ என்று எழுதுமுன் அவர் திருப்பிச் சுட்டாரா என்று கேளுங்கள்.

இங்கே ஒரு சின்னச் சரிபார்ப்பு சொல்லித்தருகிறேன், எனக்குப் பிடித்தது. இரண்டு ஜோடிகளும் ஒரே சம்பவத் தொகுப்பிலிருந்து, ஒரே விதமாக எண்ணப்பட்டு வந்திருந்தால், மொத்த விகிதம் 23க்கும் 37க்கும் நடுவில் இருக்க வேண்டும், 18க்கும் 30க்கும் நடுவிலும் இருக்க வேண்டும். அதாவது 23 முதல் 30 வரை. யாராவது இதே தொகுப்புக்கு 15 அல்லது 35 என்று மொத்த விகிதம் சொன்னால், அவர் வேறு தொகுப்பைப் பார்க்கிறார், அல்லது தோட்டாவுக்குப் பதில் சம்பவங்களை எண்ணுகிறார்.

தனி ஓர் ஆண்டு அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதில்லை. நியூயார்க் காவலர்கள் ஆட்களை நோக்கிச் சுட்டதில், 2005இல் 472 தோட்டாக்களில் 82 பட்டன, 17.4 சதவீதம். அடுத்த ஆண்டு 364இல் 103, 28.3 சதவீதம். ஒரே ஆண்டில் காவலர்களின் குறி அத்தனை தேறிவிட்டது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. சின்ன எண்கள் இப்படித்தான் ஆடும்.

9. ‘21 அடி’யை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்

சால்ட் லேக் சிட்டி காவலர் டென்னிஸ் டியூலர் 1983இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது இது. கத்தியோடு ஓடி வருபவர் ஏறத்தாழ ஒன்றரை நொடியில் 21 அடியைக் கடந்துவிடுகிறார் என்று பயிற்சியில் நேரம் அளந்து சொன்னார். அந்த ஒன்றரை நொடி, உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடப் பயிற்சி பெற்றவருக்கு ஆகும் நேரம். சம்பவங்களைத் திரட்டி எடுத்த எண் அல்ல. முதல் படியின் நான்காம் கேள்விக்கு மட்டும் பதில். 21 அடிக்குள் வந்தவரைச் சுடலாம் என்ற சட்டமும் அதில் இல்லை. 7 கஜமும் 21 அடியும் ஒரே நீளம் என்பதால் எட்டாம் படியின் எண்ணோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது தற்செயல், அவ்வளவுதான்.

10. கடைசியாக, வாக்கியத்தை எழுதுங்கள்

ஐந்து துண்டுகள் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும்: எந்த ஊர், எந்தக் காலம், யார் பட்டியலில், எத்தனை பேரில், எத்தனை அடி. இப்படி: “நியூயார்க்கில் 1854 முதல் 1979 வரை ஆயுத மோதலில் இறந்த 254 காவலர்களில் 81 சதவீதம் பேர் எதிராளியிடமிருந்து ஆறடிக்குள் இருந்தார்கள், காவலர் பிழைத்த 4,000 சம்பவங்களின் தனிக்கணக்கில் பத்தடிக்குள் நடந்தவை 51 சதவீதம்.”

நீளம்தான். எடிட்டர் பாதியை வெட்டச் சொல்வார். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சதவீதத்தை வெட்டி, ‘பெரும்பாலோர்’ என்று போடுங்கள். ‘இறந்த’ என்ற சொல்லை விட்டுக்கொடுக்காதீர்கள். அதை அடிக்குறிப்புக்கும் அனுப்பாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டில் அது வராது.